நாற்பத்தோராம் பக்கத்துப் பச்சை இலை

புத்தகம் போட வருகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. தண்டையார்பேட்டையில், டோல்கேட்டுக்குப் பக்கத்துச் சந்தில், அப்பா ஆரம்பித்த அச்சகத்தைப் பதினெட்டு வருடமாக நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் எவ்வளவோ தேவலாம், சொன்ன தேதிக்கு வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கவிதைக்காரர்கள் அட்டையில் தங்கள் போட்டோ சின்னதாக வந்துவிட்டது என்று சண்டைக்கு வருவார்கள். அதனால் நான்கு வருடத்துக்கு முன்னால் மஞ்சள் ஹெல்மெட்டும் மேலே பளபளக்கிற பட்டை போட்ட கோட்டுமாக ஒரு பெண் வாசலில் நின்று, "புக்கு ஒண்ணு போடணும் மேடம்" என்றபோது, "கவிதையா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"இல்ல மேடம். வழி."

அவள்தான் மாயா. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் வீடு. எண்ணூர் போகிற சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. உள்ளே வருகிற ஒவ்வொரு பெட்டியையும் சுற்றி வந்து, எண் என்ன, சீல் உடையாமல் இருக்கிறதா, எங்கே பள்ளம், எங்கே துரு என்று எழுத வேண்டும். பார்த்ததை மட்டும்தான் எழுத வேண்டும். நினைத்ததை எழுதினால் வேலை போய்விடும். இருபது வருடம் இப்படியே எழுதி எழுதி, அவளுக்கு வேறு மாதிரி எழுத வராமலே போய்விட்டது.

கொண்டுவந்த நோட்டைப் புரட்டினேன். "தொங்குபாலம். நடுவில் மூன்று பலகை இல்லை. வலது கம்பியைப் பிடி, இடது கம்பி ஆடும்." அடுத்த பக்கத்தில், "டீக்கடை அம்மாவுக்கு இந்தி தெரியும். மூட்டுவலி உண்டு. தைலம் கொண்டுபோ." அருணாச்சலப் பிரதேசத்தில் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கு. மூன்று சின்ன இனத்து மக்கள் அங்கே மலைக்கு ஒன்றாக ஊர் கட்டி வாழ்கிறார்கள். அங்கே போய்வர விரும்புகிறவர்களுக்குத் தமிழில் ஒரு கையேடு. பள்ளத்தாக்கின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. வேண்டுமென்றால் புத்தகத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

"உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்று கேட்டேன். கன்டெய்னர் யார்டுக்கும் பனிமலைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

அவள் சொன்ன காரணம் இது. ஒரு நாள் அவர்கள் தெருவுக்குள் வெளியூர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் காமிராவோடு நுழைந்திருக்கிறார்கள். முன்னால் ஒருத்தன் ஆங்கிலத்தில் ஏதோ விளக்கிக்கொண்டே வந்திருக்கிறான். மாயா மாடிக் கம்பியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளையும் அவள் பாவாடையையும் சேர்த்துப் போட்டோ எடுத்திருக்கிறார்கள். "பேரு இன்னான்னு ஒருத்தன் கேக்கல மேடம். மிருகக்காட்சி சாலைக்கு வந்த மாதிரி பாத்துகினு போனானுங்கோ." அதற்குப் பிறகு மலைவாசிகளைப் பற்றிய ஒரு வழிகாட்டிப் புத்தகம் அவள் கைக்குக் கிடைத்திருக்கிறது. அதில் முகத்தில் பச்சை குத்திய கிழவிகளை எங்கே, எந்த நேரத்தில் போட்டோ எடுக்கலாம் என்று போட்டிருந்ததாம். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. யார் பார்க்கப்படுகிறார்களோ அவர்கள் பக்கத்தில் நின்று ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

வழி காட்டியவள் யாமி. டோல்கேட் பக்கத்துப் பியூட்டி பார்லரில் வேலை பார்க்கிற பெண், அந்தப் பள்ளத்தாக்குக்காரி. பார்லருக்குப் போன இடத்தில் இருவரும் தோஸ்துகள் ஆகிவிட்டார்கள். யாமி ஒரு லீவில் மாயாவைத் தன் ஊருக்குக் கூட்டிப் போனாள். போன முதல் தடவையே மாயாவுக்கு யாமியின் அம்மா வீடு தன் வீடு மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் லீவைச் சேர்த்து வைத்து, கவுகாத்தி ரயிலில் ஏறிவிடுவாள். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "டிக்கெட்டு எடுத்துட்டேனே" என்பாள்.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் இரண்டே விதிகள். கூப்பிடாமல் போகாதே. போட்டோவுக்கு முன்னால் பெயரைக் கேள். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது. நான் அதை அவளிடம் சொல்லவில்லை. புத்தகம் முடிவதற்குள் 'மேடம்' போய் 'ஜானட்' என்று என்னைப் பெயர் சொல்லியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

முதல் பதிப்பு மூன்று வருடத்தில் மெல்ல மெல்லப் போனது. திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் ஊர் சுற்றுகிற ஆசை உள்ளவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. அவர்களில் ஒருவர் சுயம்பு அண்ணாச்சி. சாத்தான்குளத்துக்காரர், மொத்த விலை வற்றல் வியாபாரம். வருடத்துக்கு ஒரு தடவை பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது கிளம்பிவிடுவார். நம் ஊர் டூர் கோஷ்டிகளைப் போல அடுப்பு, அரிசி, சமையல்காரம்மா சகிதமாகத்தான் போவார். இந்த வருடம் மாயாவின் புத்தகத்தைப் படித்துவிட்டு, சித்திரை மாதம் அந்தப் பள்ளத்தாக்குக்கே கிளம்பினார். அனுமதிக் கடிதம் எங்கே வாங்குவது, எந்தக் கவுண்டரில் சூமோ வண்டி பிடிப்பது என்று எல்லாம் புத்தகத்தில் இருந்தபடி செய்தார். பதினோரு பேரும் ஒரு சமையல்காரம்மாவும் வியாழக்கிழமை சென்ட்ரலில் ரயில் ஏறினார்கள்.

அடுத்த வாரம் புதன்கிழமை மாயா இரண்டாம் பதிப்புக்கு புரூஃப் பார்க்க வந்தாள். பார்லர் விடுமுறை என்று யாமியும் கூட வந்திருந்தாள். மணி பதினொன்றரை இருக்கும். தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது என்பதால் யாமி முறுக்கைக் கடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் நாற்பத்தோராம் பக்கத்துக்குப் படம் தேடிக்கொண்டிருந்ததால், அங்கே கட்டம் கட்டிப் போட்டிருந்ததைச் சத்தமாகப் படித்தேன்.

"ஊர் வாசலில் பச்சை இலை கட்டியிருந்தால் திருவிழா. தயங்காமல் உள்ளே போகலாம். சாப்பாடு உண்டு."

யாமி முறுக்கை வாயிலிருந்து எடுத்தாள். "இத்த யாருக்கா எழுதனது?"

"நான்தான். ஏன்?" என்றாள் மாயா.

"அது இலை இல்லக்கா. பூட்டு."

நானும் மாயாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாமி நிதானமாகச் சொன்னாள். விதைப்புக்கு முன்னால் அவர்கள் ஊர் ஐந்து நாள் தன்னைப் பூட்டிக்கொள்ளும். வாசலில் பச்சை இலையைக் கட்டிவிட்டால் உள்ளே இருப்பவர் வெளியே வரக்கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே போகக்கூடாது. ஊர்க்காரனே சந்தைக்குப் போய் நேரம் தவறிவிட்டால் ஐந்து நாளும் வயல் குடிசையில்தான் கிடக்க வேண்டும். வெளியாள் கால் ஒன்று உள்ளே பட்டால் செய்த பூசையெல்லாம் வீண், மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் மழை பிடித்துக்கொண்டால் விதைப்பு கெட்டுவிடும். அந்தக் கால் யார் மூலமாக ஊருக்கு வந்தது என்று பார்ப்பார்கள். அந்த வீட்டுக்குத்தான் கெட்ட பெயர்.

"நான் மொதல் தபா வந்தப்போ இல தொங்கிகினு இருந்துச்சே யாமி. எல்லாரும் குந்திகினு துன்னுகினு இருந்தாங்களே!"

"அது ஆறாவது நாளுக்கா. பூட்டு தொறந்தாச்சு. இலைய கழட்டறதுக்குள்ள நீ வந்துட்ட."

எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் தெரு முனையில் வேப்பிலைத் தோரணம் கட்டினால் கூழ் ஊற்றுகிறார்கள் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சொம்பைத் தூக்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் போகலாம். மாயா வீட்டில் பௌத்தர்கள், விகாரைக்குப் போகிறவர்கள், ஆனால் கூழை யார் ஊற்றினாலும் குடிப்பார்கள். வாசலில் இலை, உள்ளே சாப்பாடு என்று பார்த்ததும், இதைப் போய் ஒருத்தரிடம் கேட்பார்களா என்று எழுதிவிட்டாள். புத்தகம் முழுக்க அவள் கேட்காமல் எழுதிய ஒரே வாக்கியம் அது. அழகாக இருக்கிறது என்று அதற்குக் கட்டம் கட்டிப் போட்டவள் நான்.

"இந்த வருசம் எப்போ கட்டறாங்க?" என்றாள் மாயா. குரலே மாறிவிட்டது.

"தம்பி ஞாயித்துக்கெழம சந்தைக்கு எறங்கினப்போ போன் பண்ணான், செவ்வாக்கெழம கட்டறோம்னு. நேத்து கட்டியிருப்பாங்க."

சுயம்பு அண்ணாச்சியின் கோஷ்டி மலை ஏறுகிற நாள் அன்றைக்குத்தான். அவர் போனுக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஊருக்குள் எந்தப் போனும் எடுக்காது. முப்பத்து மூன்றாம் பக்கத்தில் டீக்கடை அம்மாவின் நம்பர் இருந்தது. யாமி இந்தியில் பேசினாள். பேசி முடித்துப் போனைக் கீழே வைத்தவள் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. கோஷ்டி காலை ஆறு மணிக்கே ஏறிவிட்டதாம். பத்து மணிக்கெல்லாம் ஊர் வாசலுக்குப் போயிருப்பார்களாம். டீக்கடை அம்மா வேறு இனம், மேலே எந்த நாள் பூட்டுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. பின்னால் ஓடிப்போய்ச் சொல்ல ஆள் அனுப்ப முடியுமா என்று கேட்டதற்கு, ஓடுகிற வயசுப் பையன்களெல்லாம் மேலே பூட்டிக் கிடக்கிறார்கள் போலிருக்கிறதே என்றாராம்.

நாங்கள் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவர்கள் கீழே இறங்கி வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். மாயா காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. மதிய ஷிப்டுக்குப் போகவில்லை, நான் வாங்கிவந்த தயிர்சாதத்தைத் தொடவில்லை. சாயங்காலம் நான்கு மணி வாக்கில் அழுதாள்.

"யாமியோட அம்மா எனக்குத் தட்டுல போடாம தாங்க துன்னதே இல்ல ஜானட். மொதல் தட்டு எனக்குத்தான். இனிமே எந்த மூஞ்ச வெச்சுகினு அந்த வாசல மிதிப்பேன்? அவனுங்க காமிராவோட எங்க தெருவுல பூந்தானுங்க. நான் பதினோரு பேர புக்கு குடுத்து அனுப்பிகிறேன். இன்னா வித்தியாசம்?"

 ஆறுதல் சொல்கிற வேலை எனக்கு எப்போதும் வராது. அவள் பக்கத்தில் போய் நானும் காகிதக் கட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது என் போன் அடித்தது. சுயம்பு அண்ணாச்சி. ஸ்பீக்கரில் போட்டேன். அவர் எப்போதும் கத்தித்தான் பேசுவார், அன்றைக்குக் கூடுதலாகக் கத்தினார்.

"ஜானட்டு, அந்த மாயாப் பிள்ள அங்க இருக்கா? இருந்தா கேக்கச் சொல்லு. ரெண்டாயிரம் மைல் தாண்டி வந்து, ஊருக்குள்ள காலு வைக்காமத் திரும்பி வந்திருக்கோம். எல்லாம் இந்தப் பச்சையம்மாவால!"

பச்சையம்மா கோஷ்டியின் சமையல்காரம்மா. புளியந்தோப்பு, மாயாவுக்கு இரண்டு பிளாக் தள்ளி வீடு. கல்யாணம், காதுகுத்து என்று ஐநூறு பேருக்குத் தனியாக நின்று சமைக்கிறவர். எழுதப் படிக்கத் தெரியாது.

"வாசல்ல எல கெட்டியிருந்துச்சு. புஸ்தகத்துல போட்டிருந்த மாதிரியேதான். நான் சத்தமா வாசிச்சும் காமிச்சேன். எல்லாரும் செருப்பக் களத்தியாச்சு. இந்தப் பொம்பள குறுக்க வந்து ரெண்டு கையையும் விரிச்சிட்டு நிக்கா. சொன்னாக் கேக்காளா? ஒரே கூப்பாடு!"

அந்தப் பக்கம் ஏதோ இழுபறி. போன் கை மாறியது.

"யம்மா மாயா, நீயே நாயத்த சொல்லு. வாசல்ல பச்ச இல கட்டிகீது. தெருவுல ஒரு ஜனம் இல்ல. மேளம் இல்ல, ரேடியோ செட்டு இல்ல. கூழு ஊத்தறாங்கன்னா அண்டா எங்கம்மே? அப்பவே புரிஞ்சுகினேன். உள்ள ஆத்தா வந்துகிறா, அம்ம போட்டுகிறாங்க. அம்ம போட்ட வூட்டுக்குள்ள எவனாச்சும் பூருவானா? இந்தப் படிச்ச ஜனம் புக்கப் பாத்துகினே பூரப் பாத்துச்சு."

மாயா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "யக்கா, யாராச்சும் உள்ள வெச்சாங்களா? ஒரே ஒரு காலு?"

"எங்க வுட்டேன்? புளிசோறு கரண்டிய கையில எடுத்துகினேன். வெச்சா பொளந்துடுவேன்னேன். கொண்டாந்த பழத்த எல்லாம் வாசலுக்கு வெளிய ஓரமா வெச்சுட்டு, அங்கயே நின்னு கும்புட்டுகினு திரும்பிட்டோம். இன்னாத்துக்கு அழுவற நீ?"

மாயா அழுதபடியே சிரித்தாள். யாமி அவள் முதுகில் போட்டு அடித்தாள். எனக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பொதுவாக நான் யாருக்கும் டீ வாங்கித் தருகிறவள் இல்லை. அன்றைக்கு டீயும் ஆளுக்கு இரண்டு பஜ்ஜியும் சொல்லி அனுப்பினேன். மாயா நான்கு தின்றாள்.

விஷயத்தை விளக்கியதும் அண்ணாச்சி கத்துவதை நிறுத்தினார். பிறகு, "அப்போ புஸ்தகமும் தப்பு, இவ சொன்னதும் தப்பா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. ஆனா நின்னது சரி" என்றாள் மாயா.

ஒரு வாரம் கழித்து, ஊர் திறந்த பிறகு, யாமியின் தம்பி கீழே சந்தைக்கு வந்து, தங்கள் அம்மா பேசியதைப் பதிவுசெய்து போனில் அனுப்பினான். யாமி மொழிபெயர்த்துச் சொன்னாள். வாசலுக்குப் பின்னால் மறைந்து நின்று ஊரே பார்த்திருக்கிறது. யாரோ கையில் பெரிய கரண்டியோடு நின்று மற்றவர்களைத் தடுத்ததையும், பழத்தை வெளியே வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனதையும் ஊரில் எல்லாரும் பேசிக்கொள்கிறார்களாம். மாயாவின் ஆட்கள் முறை தெரிந்தவர்கள், மாயா நன்றாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்று.

"விட்டுடு" என்றேன் நான். "நல்ல பேர் சும்மா வருது. வாங்கி வெச்சுக்கோ."

மாயா என்னை முறைத்தாள். "சீலு ஒடஞ்ச பொட்டிக்கு சரின்னு எழுதச் சொல்றியா?" என்றாள். அச்சுக்குப் போக இருந்த இரண்டாம் பதிப்பை நிறுத்தச் சொன்னாள். நேரில் போய்க் கேட்காமல் ஒரு எழுத்துப் போடக்கூடாது என்றாள். அலமாரியில் மிச்சமிருந்த பிரதிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் நாற்பத்தோராம் பக்கத்துக் கட்டத்தைக் கறுப்பு மையால் அடித்தாள். தெரிந்த வாசகர்களுக்கெல்லாம் போன் போட்டு அடிக்கச் சொன்னாள். என் அச்சக வாழ்க்கையில் தன் எழுத்தைத் தானே அடித்த ஆசிரியரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கார்த்திகையில் கிளம்பினாள். யாமியும் போனாள். மாயா கேட்டுக்கொண்டதால் பச்சையம்மாவும் போனார். அங்கே நடந்ததை யாமி எனக்கு நடித்தே காட்டினாள்.

ஊர் வாசலில் இலை எதுவும் இல்லை. இருந்தும் மாயா வெளியே நின்றுவிட்டாளாம்.  வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் வேடிக்கை பார்த்தன. பின்னால் மூச்சு வாங்க ஏறிவந்த பச்சையம்மா, "இல தான் இல்லியே, இன்னாத்துக்கு நிக்கற? நட" என்று அவள் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளியிருக்கிறார்.

அடுப்பைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்ததும் மாயா ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். எழுதியது நான்தான், தப்பாக எழுதினேன், அன்றைக்கு நின்றதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை, இந்த அக்காதான் நிறுத்தினது, அதுவும் அம்மை என்று நினைத்துக்கொண்டு. யாமி ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தாள். அவள் அம்மா அடுப்பில் விறகைத் தள்ளியபடி முழுக்கக் கேட்டார். 

"கேட்டிருக்கலாமே" என்றார் கடைசியில். அவ்வளவுதான் சொன்னார். பிறகு எழுந்து போய்த் தட்டை எடுத்துவந்து, சோறு போட்டு, எப்போதும் போல முதல் தட்டை மாயாவின் முன்னால் வைத்தார். மாயாவால் உடனே சாப்பிட முடியவில்லை. இரண்டாம் தட்டைப் பச்சையம்மாவிடம் கொடுத்துவிட்டு, அந்தக் கரண்டி எங்கே என்று கேட்டாராம். பச்சையம்மா அதைப் பையில்தான் வைத்திருந்தார். அது கை மாறிக் கை மாறி ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு மறுநாள் காலையில்தான் திரும்பி வந்தது.

இரண்டாம் பதிப்பு தை மாதம் வந்தது. முதல் பிரதியை வாங்கிக்கொள்ள மாயா பச்சையம்மாவையும் அச்சகத்துக்குக் கூட்டிவந்தாள். நாற்பத்தோராம் பக்கத்தை நான் அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"ஊர் வாசலில் பச்சை இலை கட்டியிருந்தால் ஊர் பூட்டியிருக்கிறது. உள்ளே போகாதே. குரல் கொடுக்காதே. கொண்டுவந்ததை வெளியே வைத்துவிட்டுத் திரும்பு. முதல் பதிப்பில் இதைக் கேட்காமல் எழுதினேன், தப்பாக எழுதினேன். அந்தத் தப்பு ஊருக்குள் போகாமல் தடுத்தவர் புளியந்தோப்பு பச்சையம்மா."

"இன்னொரு தபா படி" என்றார். படித்தேன். அவர் பெயர் வந்த இடத்தில் விரலை வைக்கச் சொன்னார், வைத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரண்டிய பத்தி ஒண்ணும் போடலியா?"

மாயா என் மேசையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த ஒரு பிரதியில் மட்டும் பக்கத்தின் அடியில் யார்டில் எழுதுவது போலவே எழுதினாள். கரண்டி, ஒன்று. பள்ளம் இல்லை, துரு இல்லை. நேரில் பார்த்தேன்.